மேபலுக்கு முன்னால் நின்றவர்

என் கணவர் கோபாலகிருஷ்ணன் விமானம் ஓட்டியவர் இல்லை. போரில் கலந்துகொண்டவரும் இல்லை. விமானத்துக்கு முன்னால் நின்றவர், அவ்வளவுதான். நாலு வருடம், அறுபத்தோரு தடவை, தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று என் தங்கையே திருச்சியிலிருந்து போனில் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்னை ஒட்டிய டண்டினொங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது நிமிடம் கார் ஓட்டினால் ஒரு சின்ன விமானத் திடல் வரும். சுற்றிலும் குதிரைப் பண்ணைகள், ஸ்ட்ராபெரித் தோட்டங்கள். அங்கே ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் மேபல் நிற்கிறாள். இரண்டாம் உலகப் போரில் பறந்த குண்டுவீச்சு விமானம். இரண்டு இன்ஜின், மூக்கில் கண்ணாடிக் கூண்டு. போர்க்காலத்து விமானி ஒருவன் தன் அத்தையின் பெயரை அவளுக்கு வைத்தானாம். போர் முடிந்ததும் ஒரு விவசாயி அவளைப் பழைய இரும்பாக வாங்கிப் போய், உடம்பைக் கோழிக்கூடாகவும் இறக்கையை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகவும் ஆக்கிவிட்டான். அந்தக் கோலத்திலிருந்து அவளை மீட்டுத் திரும்பப் பறக்க வைக்க, சம்பளம் வாங்காத ஒரு கூட்டம் பதினெட்டு வருடம் உழைத்தது. கடைசி இரண்டு வருடம் அந்தக் கூட்டத்தில் என் கணவரும் இருந்தார்.

அவரை அங்கே அனுப்பியதே நான்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகத் தொடங்கிய மனிதர். இங்கே வந்து ஒரு லாரித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டர். ஓய்வு பெற்ற முதல் மாதம் என் மிக்சியைப் பிரித்தார். இரண்டாம் மாதம் வாஷிங் மெஷின். மூன்றாம் மாதம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் புல்வெட்டியைக் கேட்டு வாங்கி வந்து பிரித்தார். அந்த வாரம் லைப்ரரிப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தேன். பழைய விமானம் பழுது பார்க்க ஆள் தேவை, கையில் அழுக்குப் படத் தயாராக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. கிழித்து எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னங்க, அங்க போய்ப் பிரிங்க" என்றேன்.

அவருக்கும் அந்த இடத்துக்கும் நன்றாகப் பொருந்திப் போயிற்று. பேச்சு குறைவு, வேலை அதிகம். ஒரே ஒரு குறைதான் வீட்டில் வந்து சொன்னார். "நல்ல மனுஷங்கதான் பத்மா. ஆனா டீ விஷயத்துல கஞ்சம். முதல் கப்புக்கு அப்புறம் கேக்கறாங்க, ஆனா ஊத்த மாட்டேங்கறாங்க."

இந்தப் புகாரை இரண்டு வருடம் கேட்டேன். எனக்கும் புரியவில்லை. அதற்குக் காரணம் அவர் கழுத்துக்கு மேலே இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, அடுத்த தெரு கமலினி வீட்டுக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், முதியோர் இல்லத்தில் நர்ஸ். "அண்ணை எங்கை அக்கா, சனிக்கிழமையிலையும் காணேல்லை?" என்று கேட்டாள்.

"பாமருக்கு, அந்தக் குண்டு விமானத்துக்கு, இன்ஜின் மாட்டப் போயிருக்காரு" என்றேன், கொஞ்சம் ஜம்பமாகவே.

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். "பொம்மரோ?" என்றாள். "எங்கடை ஊரிலை அந்தச் சொல்லைக் கேட்டால் பங்கருக்குள்ளை ஓடுறனாங்கள் அக்கா. அம்மா ஒருநாள் உலையிலை சோத்தை விட்டிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடினவ. எனக்கு இப்பவும் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் நெஞ்சு இடிக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் கைகழுவும் தொட்டியில் கிரீஸைத் தேய்த்துக் கழுவி முடித்தார். பிறகு, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். அது சுமந்துக்கிட்டுப் போனதுக்காக நான் பெருமைப்படல. கீழ இருந்தவங்களுக்கு அது எமன். எனக்குத் தெரியறது ரெண்டு இன்ஜின்லயும் சேர்த்து இருபத்தெட்டு சிலிண்டர் மட்டும்தான். அது பத்திரமாக் கெளம்பணும், உள்ள இருக்கறவங்க பத்திரமா எறங்கணும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. மேபல் என்றுதான் சொல்வோம்.

அந்த விமானத்தைக் கிளப்புவது கார் சாவி திருப்புகிற வேலை இல்லை. முதலில் நாலைந்து பேர் சேர்ந்து ஒவ்வொரு புரொப்பெல்லரையும் கையால் தள்ளிச் சுற்ற வேண்டும், உள்ளே தேங்கிய எண்ணெய் கலைவதற்காக. பிறகு எல்லோரும் விலகிவிடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் விமானத்துக்கு எதிரே இருபது மீட்டரில், சக்கரம் வைத்த தீயணைப்பு சிலிண்டரோடு நிற்பார். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானிக்கு இன்ஜினின் அடிப்பக்கம் தெரியாது. புகையா, தீயா, எண்ணெய் ஒழுகுகிறதா, ஒன்றும் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. அந்த இரண்டு நிமிடம் வெளியே நிற்கிறவர்தான் விமானிக்குக் கண். அவர் சரி என்றால் ஓடும். இல்லை என்றால் நிற்கும்.

தலைமை இன்ஜினியராக இருந்த ஷெரில் என்ற பெண்மணி அந்த இடத்துக்கு என் கணவரைத் தேர்ந்தெடுத்தார். ஷெரிலுக்கு அப்போதே எழுபது வயது. குட்டையான உருவம், கரகரத்த குரல், யாரையும் சுலபத்தில் புகழ மாட்டார். "கோபால் பதற மாட்டார்" என்று மட்டும் காரணம் சொன்னாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேசையில் மூன்று தடவை அந்தச் செய்தியைச் சொன்னார். ஐந்து நாள் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகள் அன்று ஒரே வேளையில் வந்தன.

2015 மார்ச்சில் மேபல் பொதுமக்கள் முன்னால் முதல் தடவை பறக்க வேண்டிய நாள். நாலாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தொப்பிகள், மடக்கு நாற்காலிகள், கருகும் சாஸேஜ் வாசனை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் முதல் வரிசையில், எங்கள் மகள் லக்ஷ்மிப்ரியாவோடு. எதிரே வெள்ளை ஓவராலில் என் கணவர். காதில் பெரிய கவசம். எனக்கு அவர் கல்யாணத்தன்று கூட அவ்வளவு அழகாகத் தெரியவில்லை.

இடது இன்ஜின் கிளம்பியது. தரை அதிர்ந்து என் செருப்பு வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு வலது இன்ஜின். அது இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, புகைக்குழாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்குச் சுவாலை வந்தது. வந்த வேகத்தில் அணைந்தும் போயிற்று. பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் போனால் அப்படி வருவது சகஜமாம். விமானி கிளைவ் பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எல்லாம் சரியா என்று கேட்கிறார்.

என் கணவருக்கு இரண்டு கையிலும் சிலிண்டரின் குழாய். அவர் தலையை ஆட்டினார்.

எப்படி ஆட்டினார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. காய்கறிக்காரர் "இன்னும் அரைக் கிலோ போடவா?" என்று கேட்டால் நாம் ஆட்டுவோமே, அப்படி. மேலும் கீழுமாக இல்லை, இடமும் வலமுமாகவும் இல்லை. தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் நிதானமாக ஒரு ஆட்டு. சரி சரி, ஒன்றும் பிரச்சினை இல்லை, நடக்கட்டும் என்று அர்த்தம்.

ஆஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்த கிளைவ், சுவாலையைப் பார்த்த ஒருவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதைப் பார்த்தார். அடுத்த நொடியில் இரண்டு இன்ஜினையும் நிறுத்தினார். விமானத்தின் அடிக்கதவு திறந்து உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குதித்து ஓடினார்கள். ஓரத்தில் காத்திருந்த தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து, தீயே இல்லாத வலது இன்ஜின் மேல் நுரையைப் பீய்ச்சியது. பதினெட்டு வருடம் காத்திருந்து பறக்க வேண்டிய மேபல், சோப்பு போட்டுக் குளித்த எருமை மாதிரி நின்றாள். அன்றைய நிகழ்ச்சி ரத்து.

என் கணவர் மட்டும் அங்கேயே நின்றார். எல்லோரும் ஏன் ஓடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

காரில் வீடு திரும்பினோம். லக்ஷ்மிப்ரியாதான், "Appa, you shook your head!" என்றாள். "நான் சரின்னுதானம்மா சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். அந்த முகத்தை நான் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஷெரில் போன் செய்தார். இன்ஜினிலிருந்து நுரையைச் சுத்தம் செய்ய ஒரு மாதம் ஆகுமாம். கோபால் இனிமேல் கொட்டகைக்கு உள்ளே வேலை செய்யட்டும், விமானத்துக்கு முன்னால் வேறு ஆளைப் போடுகிறோம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் ஆமாம் என்றுதான் தலையாட்டினார், அது எங்கள் ஊர் ஆமாம் என்று சொன்னேன். போனில் தலையாட்டிக் காட்ட முடியுமா? காரை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

ஷெரிலின் மேசைக்கு முன்னால் நின்று நான் பாடமே நடத்தினேன். இது ஆமாம். இது இல்லை. இது பார்க்கலாம். இது நீ சொல்வது புரிகிறது. இது புரிகிறது, ஆனால் நான் செய்யப் போவதில்லை. ஷெரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்தார்.

"அடக் கடவுளே" என்றார் திடீரென்று. "டீ! இரண்டு வருடமாக இன்னொரு கப் வேண்டுமா என்று கேட்கிறேன். அவர் வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன்."

இருவரும் சிரித்தோம். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஷெரில் சிரித்து முடித்துவிட்டு, "பத்மா, நீ இங்கே பக்கத்தில் நின்று ஆட்டும்போதே எனக்கு இவை ஐந்தும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இருபது மீட்டர் தள்ளி, அழுக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து, சுற்றும் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் ஒரு விமானி எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "அப்படியானால் எங்கள் ஊர்க்காரர்கள் யாருமே அங்கே நிற்க முடியாதா?" என்று கேட்டேன். "நிற்கலாம். தலை ஆடாமல் நிற்க வேண்டும்" என்றார் ஷெரில். "அவர் தயாரானதும் சொல். நானே சோதித்துப் பார்க்கிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வேறு ஒருவராக இருந்தால் ரோஷப்பட்டு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இவர் யோசித்துவிட்டு, "அந்தம்மா சொல்றதுல தப்பில்ல. உள்ள நாலு பேர் உயிர் இருக்கு" என்றார். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அறுபத்திரண்டு வருடம் ஆடிய தலையை நிறுத்துவது லேசா? மருந்துக் கடையில் கழுத்துக்குப் போடும் பட்டை ஒன்று வாங்கி வந்து காலையிலிருந்து மாலைவரை போட்டுக்கொண்டார். "இட்லி போதுமா?" என்று கேட்டால் கட்டை விரலை உயர்த்துவார். "இன்னும் வைக்கவா?" என்றால், இன்ஜினை நிறுத்தச் சொல்லும் சைகை மாதிரி, கையைக் கழுத்துக்குக் குறுக்கே வீசுவார். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் பட்டையோடு வந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று ஒரு வாரத்தில் செய்தி சிட்னி வரை போய், பென்டில் ஹில்லிலிருந்து அவர் அண்ணன் மகன் செந்தில்நாதன் பதறிப்போய் போன் செய்தான். "சித்தப்பா, ஆபரேஷனா?" என்று கேட்டவனிடம், "இல்லடா, பயிற்சி" என்றார். அவன் இன்னும் பயந்துவிட்டான்.

நுரை சுத்தமான பிறகு, செப்டம்பர் வரை, மேபல் அவர் இல்லாமல் பறந்தாள். அவர் கொட்டகையில் எண்ணெய்த் தட்டு துடைத்தார். அந்த மாதிரி இன்ஜின்கள் நின்றால் எண்ணெய் சொட்டும், கீழே தட்டு வைக்க வேண்டும். வெளியே அவள் கிளம்பும்போது மட்டும் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கதவருகில் போய் நிற்பாராம். ஷெரில்தான் இதை என்னிடம் சொன்னார். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் சோதனை ஜூலையில் நடந்தது. ஷெரில் விமானி இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஒலிபெருக்கியில் கேள்வி கேட்டார். இவர் இருபது மீட்டரில் நின்று கையால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். முப்பது கேள்வி. இன்று மழை வருமா? இன்னொரு டீ வேண்டுமா? சிட்னி மெல்போர்னை விட நல்ல ஊரா? இருபத்தொன்பதுக்கும் தலை கல் மாதிரி நின்றது. முப்பதாவது: "பத்மா வைக்கும் சாம்பார் நன்றாக இருக்குமா?"

தலை ஆடிவிட்டது.

தோற்று வந்தவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த ஆட்டு ஆட்டுனீங்க? நல்லாருக்கும்னா, இல்ல ஏதோ இருக்கும்னா?" இன்றுவரை அதற்குச் சரியான பதில் இல்லை.

செப்டம்பரில் இரண்டாவது சோதனை. ஷெரில் வேண்டுமென்றே சாம்பாரில் தொடங்கினார். இவர் கட்டை விரலை உயர்த்தினார், தலை அசையவில்லை. நாற்பது கேள்விக்கும் அசையவில்லை. ஷெரில் கீழே இறங்கி வந்து சிலிண்டரின் கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே போய் இரண்டாவது கப் டீ ஊற்றிக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாலு வருடம்தான் மேபலின் நல்ல காலம். விக்டோரியாவில் எத்தனை ஊர்த் திடல்கள் உண்டோ அத்தனையிலும் அவள் பறந்தாள் என்று எனக்குத் தோன்றும். இவரும் மற்றவர்களும் முன்கூட்டியே வேனில் போய்விடுவார்கள். நானும் பாதி ஊர்களுக்குப் போனேன். காற்றில் மாட்டுச் சாண வாசனை, ஈக்கள், கோதுமை வயலுக்கு மேலே திடீரென்று தாழ்வாக அவள் வருவாள். அந்த வயிற்றுப் பகுதி வெயிலில் மின்னும். வயசான விவசாயிகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். கீழே அத்தனை பேரும் வானத்தைப் பார்ப்பார்கள். நான் மட்டும் தரையில், சிலிண்டரின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்ப்பேன்.

2018ல் மாநில எல்லை தாண்டி ஒரு சின்ன ஊர். கடும் வெயில், வடக்குக் காற்று. வலது இன்ஜின் கிளம்பி ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டது. சுவாலை இல்லை, புகை இல்லை. கிளைவ் விரலை உயர்த்திக் கேட்டார். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. என் கணவர் குனிந்து இன்ஜினின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்தார். கையைக் கழுத்துக்குக் குறுக்கே ஒரே வீச்சு வீசினார். தலை அசையவே இல்லை. கிளைவ் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை, இரண்டு இன்ஜினும் நின்றன.

பெட்ரோல் குழாய் ஒன்று இணைப்பில் பிளந்து, இன்ஜின் மூடிக்கு உள்ளே மெல்லிய கோடாக வழிந்து, அடியில் சொட்டத் தொடங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பழுக்கச் சூடான புகைக்குழாய். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஷெரில் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிளைவ் இறங்கி வந்து இவர் தோளில் கை வைத்து, "என்ன சொல்கிறாய் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை" என்றார். இவர் கட்டை விரலை உயர்த்தினார். அதை நேரில் பார்த்தவள் நான். எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பெருமை எனக்குக் குறையாது.

மறு வருடம் இன்ஜின்கள் ஓட அனுமதித்த மணிக்கணக்கு முடிந்துகொண்டு வந்தது. மாற்று உதிரிப்பாகங்களை எங்கெங்கோ தேடினார்கள், கிடைக்கவில்லை. முழுசாக இருக்கும்போதே அவளை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நவம்பரில் கடைசிப் பறப்பு. விமானிகளுக்குப் பின்னால் ஒரு மடக்கு இருக்கை உண்டு. அந்த இடம் இந்தத் தடவை கோபாலுக்கு என்று ஷெரில் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதில் ஏறியதில்லை.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் ஏறிட்டா முன்னாடி யாரு நிப்பா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கடைசித் தடவைங்க! போட்டோவாவது எடுத்துக்கலாம்ல?" என்று கத்தினேன். "நீ போ பத்மா" என்றார். "நான் எதுக்கு?" "நான் எப்படி நிக்கறேன்னு உள்ள இருந்து பாத்துட்டு வந்து சொல்லு." அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

கமலினியையும் கூப்பிட்டேன். "நான் வரேல்லை அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அண்ணையைக் கவனமா நிக்கச் சொல்லுங்கோ" என்றாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அப்படித்தான், அறுபத்து மூன்று வயதில், இரவல் ஓவராலை மாட்டிக்கொண்டு, அடிக்கதவு வழியாக ஏணி ஏறி, கிளைவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பெட்ரோலும் பழைய தோலும் கலந்த வாசனை. முட்டி இடிக்கும் அளவுக்குத்தான் இடம். கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன்.

என் கணவர் இவ்வளவு சின்னவராகத் தெரிவார் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளை ஓவரால், சிவப்பு சிலிண்டர், மேலே ஒரு புள்ளி மாதிரி தலை. நாற்பது வருடம் பார்த்த முகம், அதில் மூக்கு எது கண் எது என்று தெரியவில்லை. ஷெரில் கேட்ட கேள்வி எவ்வளவு நியாயமானது என்று நாலரை வருடம் கழித்து ஒப்புக்கொண்டேன். மனதுக்குள்தான்.

கிளைவ் விரலை உயர்த்தினார். அந்தச் சின்ன உருவத்தின் கை உயர்ந்தது. தலை அசையவில்லை. இடது இன்ஜின் கிளம்பியது. மறுபடி கேள்வி, மறுபடி கை. வலது இன்ஜின் கிளம்பியது. அந்தக் கை உயரும்வரை இருக்கையில் இருந்த நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். உயர்ந்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

இருபத்தைந்து நிமிடம் பறந்தோம். வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவின் சேற்றுத் திட்டுகள், புள்ளிபுள்ளியாக மாடுகள், தூரத்தில் டண்டினொங் மலை. திடலுக்கு மேலே மூன்று முறை தாழ்வாகச் சுற்றி இறங்கினோம். ஓடுபாதையிலிருந்து திரும்பி வந்தபோது அதே இடத்தில், அதே மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார்.

கிளைவ் விமானத்தை நிறுத்தினார். ஆனால் இன்ஜினை உடனே அணைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அவரையே பார்த்தார். விரலை உயர்த்துவார் என்று நினைத்தேன். கிளைவ் கையை எடுக்கவே இல்லை. தலையை ஆட்டினார். நம் ஆட்டு! கழுத்து சுளுக்கிய மாதிரி, தோளும் சேர்ந்து அசைகிற மாதிரி, மகா மோசமான ஒரு ஆட்டு. எத்தனை நாள் கண்ணாடி முன்னால் பழகினாரோ தெரியாது. எல்லாம் சரியா என்று கேட்கிறார், முதல் நாள் கேட்ட அதே கேள்வியை, எங்கள் பாஷையில்.

வெளியே அந்த உருவம் அசையவில்லை. கட்டை விரல் உயர்ந்தது. விதி விதிதான். கிளைவ் இன்ஜின்களை அணைத்தார். புரொப்பெல்லர்கள் வேகம் குறைந்து, தனித்தனி இலையாகத் தெரிந்து, ஒரு உதறு உதறி நின்றன. இடதும் நின்றது, வலதும் நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்போது அவர் குழாயைக் கீழே வைத்தார். காதுக் கவசத்தைக் கழற்றினார். ஒரு தடவை முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். நாலு வருடம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, நிதானமாக ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கிளைவ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பத்மா, என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

இருபது மீட்டர் தூரம், அழுக்குக் கண்ணாடி. என் கண்ணிலும் தண்ணீர் நிறைந்திருந்தது. ஆனாலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எல்லாம் சரி என்கிறார்" என்றேன்.